மாத்துக்கு வந்த மாடுகள்

மாடு விற்பது ஒரு தொழில். மாடு வாங்குவது இன்னொரு தொழில். ஒருவரின் பழைய மாட்டை எடுத்துக்கொண்டு அவருக்கே வேறு மாட்டைக் கொடுப்பது, இந்த இரண்டு தொழிலின் தலையிடியையும் ஒரே நாளில் அனுபவிப்பது. எங்கள் பக்கத்தில் இதை ‘மாத்து’ என்போம். பால் குறைந்துபோன மாட்டைக் கொண்டுவருவார்கள். கொஞ்சக் காசும் மேலே வைத்து, கறக்கிற மாடு ஒன்றைக் கொண்டுபோவார்கள். வருகிறவருக்குத் தன் மாட்டின் குறை தெரியும், சொல்லமாட்டார். எனக்கு என் மாட்டின் குறை தெரியும், கேட்டால் மட்டும் சொல்லுவேன். பழைய மோட்டார்சைக்கிளைக் கடையில் கொடுத்துப் புதுசு எடுத்தவர்களே, பழைய பிரிட்ஜைக் கொடுத்துவிட்டு அடுத்த வாரமே அழுதவர்களே, நீங்கள் எல்லோரும் என் சொந்தக்காரர்தான். உங்களுக்கு நான் அதிகம் விளக்கத் தேவையில்லை.

பரந்தனில் இந்தத் தொழிலை முதலில் செய்தவர் என் வீட்டுக்காரர். மாடு ஏற்றும்போது லொறியிலிருந்து விழுந்து இடுப்பு முறிந்த பிறகு, இவர் படலைக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் இருந்து யோசனை சொல்லுவார். மாட்டுக் கயிற்றை நான் பிடிப்பேன். ஏற்றி இறக்க முல்லைத்தீவிலிருந்து நசீர் நானா தன் சின்ன லொறியோடு வருவார். நாங்கள் மூன்று பேரும்தான் கொம்பனி. தொடங்கிப் பன்னிரண்டு வருசமாகிறது.

சோட்டி

நான் தனியாகச் செய்த முதல் மாத்து, பூநகரியிலிருந்து வந்த ஒரு அண்ணையோடு. படலையைத் திறந்ததும் “வீட்டுக்காரர் எங்கை?” என்று கேட்டார். இவர் கதிரையில் இருந்தபடியே என்னைக் கைகாட்டினார். அண்ணையின் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். பெண்பிள்ளையோடு பேரம் பேசுவது சுகம் என்று நினைத்திருப்பார். “குழந்தைப்பிள்ளை மாதிரி, தங்கச்சி. ஆர் மடியிலை கைவைச்சாலும் அசையாள்” என்று சொல்லித் தன் சிவப்பு மாட்டை என்னிடம் தந்துவிட்டுப் போனார். அவர் சொன்னது பொய்யில்லை. மாடு அசையவில்லை. பாலும் வரவில்லை. வேறு மாட்டின் கன்றை விட்டுப் பார்த்தேன், வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேன், புண்ணாக்கைக் கரைத்து முன்னால் வைத்தேன். மூன்றாம் நாள் மடி கல்லாகிவிட்டது. முதல் மாத்திலேயே ஒரு மாட்டைப் பாழாக்கிவிட்டால் பிறகு எவர் என்னிடம் வருவார்?

அண்ணைக்குப் போன் எடுத்தேன். “என்ரை மனுசியின்ரை சோட்டி மணந்தால்தான் அவள் பால் விடுவாள். சொல்ல மறந்துபோனன்” என்றார். அடுத்த நாள் முதல் பஸ்ஸிலேயே அவருடைய மனைவி வந்து இறங்கினார். புருசன் செய்த வேலைக்கு அவர்தான் வெட்கப்பட்டார். பையிலிருந்து, வீட்டில் கழுத்து முதல் கால்வரை போடுகிற, சாயம் போன நீலப்பூச் சோட்டி ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார். என் உடுப்புக்கு மேலாலேயே அதைப் போட்டுக்கொண்டு வாளியோடு குந்தினேன். மாடு திரும்பி என் தோளை இரண்டு தரம் மோந்து பார்த்தது. பிறகு பால் வந்த வேகத்தில் வாளி சத்தம் போட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இரண்டு கிழமைக்குப் பிறகு கண்டாவளைக்காரர் ஒருவர் அந்த மாட்டைக் கேட்டார். இந்த முறை கேட்காமலே எல்லாவற்றையும் சொல்லி, சோட்டியையும் மடித்துக் கையில் கொடுத்து அனுப்பினேன். இரண்டு நாள் பொறுத்து, போன் எடுத்து எப்படி என்று கேட்டேன். அவர் சொன்னார்: “மாடு நல்லாக் கறக்குது அக்கா. சோட்டிதான் எனக்குக் கொஞ்சம் இறுக்கம்.”

மாஸ்டரின் கணக்கு

உருத்திரபுரத்திலிருந்து ஓய்வுபெற்ற மாஸ்டர் ஒருவர் வந்தார். வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு, பின்னால் கறுத்த மாடு. “ரெண்டு கண்டுதான் போட்டிருக்குது பிள்ளை. இளம் மாடு” என்றார். மாட்டின் கொம்பைத் தடவினேன். ஒவ்வொரு கன்றுக்கும் கொம்பில் ஒரு வளையம் விழும். இந்தத் தொழிலில் இருக்கிற எவருக்கும் அது தெரியும். படித்த மனிதரிடம் நேரே பொய்யென்று சொல்ல வாய் வரவில்லை. அவருடைய விரலைப் பிடித்து வைத்து எண்ணாத குறையாக, ஒன்று, இரண்டு, மூன்று என்று மெதுவாகச் சத்தமாக எண்ணினேன். ஆறில் நிறுத்தினேன். மாஸ்டர் ஆகாயத்தைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்துச் சொன்னார்: “நான் கணக்குப் படிப்பிக்கேல்லை பிள்ளை, சமயம்தான் படிப்பிச்சனான்.”

நடந்து வந்தவள்

செல்வி என்கிற பிள்ளை எங்களுக்கு அடுத்த வாய்க்கால்கரையில் இருந்தாள். புருசன் கூலிவேலைக்குப் போவான். வீட்டுச் செலவு அவள் விற்கிற பாலில்தான் ஓடும். தன் பழைய வெள்ளை மாட்டை என்னிடம் தந்து, பால் கூடின ஒன்றை எடுத்துப் போனாள். வெள்ளையை நான் பூநகரிப் பக்கத்துக் குடும்பம் ஒன்றுக்குக் கொடுத்தேன். எல்லாம் சரியாக நடந்தது என்று சந்தோசப்பட்டு ஒரு கிழமை இருக்காது, பூநகரிக்காரர் போன் எடுத்தார். மாட்டைக் காணவில்லை. கட்டி மேயவிட்ட இடத்தில் கயிற்றுத் துண்டுமட்டும் கிடக்கிறது.

முதல் நாள் பொறுமையாகக் கதைத்தார். இரண்டாம் நாள், “நீங்களே ஆளை விட்டு அவிழ்த்துப் போட்டியளோ?” என்று கேட்டார். மாடு மாத்துகிறவள் கொடுத்த மாட்டைத் தானே களவெடுக்கிறாள் என்று ஒரு கதை கிளம்பினால், அதற்குப் பிறகு ஊர் ஊராகப் போய்ச் சத்தியம் பண்ணினாலும் ஒருவரும் நம்பமாட்டார்கள். நானும் நசீர் நானாவும் லொறியை எடுத்துக்கொண்டு பூநகரி றோட்டு முழுக்கத் தேடினோம். வெட்டைவெளி, உப்புக்காற்று, எங்கே பார்த்தாலும் வேறு ஆட்களின் மாடு. ஒவ்வொரு வெள்ளை மாட்டுக்கும் லொறியை நிறுத்தி இறங்கினோம். “இந்த றோட்டிலை இவ்வளவு வெள்ளை மாடு இருக்கெண்டு எனக்கு இண்டைக்குத்தான் தெரியும்” என்றார் நானா. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஐந்தாம் நாள் காலமை செல்வி போன் எடுத்தாள். விடியக் கொட்டிலுக்குப் போனாளாம். புது மாடு ஒரு பக்கம் ஒதுங்கி நிற்க, பழைய வெள்ளை தன் இடத்தில், தன் முளைக்குப் பக்கத்தில் நின்று வைக்கோல் தின்றுகொண்டிருந்ததாம். அவ்வளவு தூரத்தையும் நடந்தே வந்திருக்கிறது. பூநகரிக்காரரைக் கூட்டிக்கொண்டு போய் நேரே காட்டினேன். அவர் மாட்டின் குளம்பைப் பார்த்தார், தேய்ந்துபோய் இருந்தது. என்னிடம் மன்னிப்புக் கேட்டார். வேறு மாடு ஒன்றை அவருக்குக் கொடுத்தேன். வெள்ளை செல்வியிடமே நின்றுவிட்டது, அதற்குப் பதிலாக அவள் தன் நாம்பனை, ஆண் கன்றை, எனக்குத் தந்தாள். அன்று நான் விட்ட மூச்சு இன்னும் நினைவிருக்கிறது. ஆனால் செல்விக்கு ஒரு கேள்வி இருந்தது: “ஏனக்கா, மாத்தியாச்செண்டு நீங்கள் இவளுக்குச் சொல்லேல்லையோ?”

டொக்டர் சொன்ன சேதி

பாக்கியம் அக்கா தன் மாட்டை இழுத்துக்கொண்டு வரும்போதே ஏசிக்கொண்டு வந்தார். இரண்டு வருசமாகச் சினைப்படவில்லை, மலட்டு மாடு, தின்கிறது மட்டும் இரண்டு மாட்டுக்கு. அவர் ஒன்றும் மறைக்கவில்லை. நானும் மலட்டு மாட்டுக்கு உரிய மதிப்பைப் போட்டு எடுத்தேன். அடுத்த கிழமை, வழக்கமாக எங்கள் மாடுகளைப் பார்க்கிற டொக்டர் வந்தார். இளம் பெண், முழங்கை வரை உறையைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு மாடாகச் சோதித்து வந்தவர், இந்த மாட்டுக்குள் கையை வைத்துவிட்டுச் சிரித்தார். “இவ ஐஞ்சு மாசம்.”

இவர் கதிரையிலிருந்து, “மாத்து மாத்துதான். அவா மலடு எண்டு தந்தவா, நாங்கள் மலடு எண்டு எடுத்தனாங்கள்” என்றார். நியாயம்தான். இரண்டு நாள் அந்த நியாயத்தோடு இருந்து பார்த்தேன். சோறு இறங்கவில்லை. வைக்கோல் இறக்க வந்த நசீர் நானா என் முகத்தைப் பார்த்துவிட்டு, “சொல்லிப்போட்டு வந்து சாப்பிடுங்கோ தங்கச்சி” என்றார். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்ப் பாக்கியம் அக்காவிடம் சொன்னேன். தலையில் கைவைத்துக்கொண்டு குசினி வாசலில் இருந்துவிட்டார். சண்டை பிடிப்பார் என்று நினைத்தேன். பிடிக்கவில்லை. மாடு என்னிடம் நிற்கட்டும், கன்று பால்மறந்தபின் அவருக்கு என்று பேசி முடித்தோம். வீட்டுக்கு வந்து இரண்டு கோப்பை சோறு சாப்பிட்டேன்.

பெண் கன்றுதான் பிறந்தது. நெற்றியில் வெள்ளைப் பொட்டு. சேதி கேட்டுப் பாக்கியம் அக்கா ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார். கொட்டிலுக்குள் போகிற இடத்தில் நின்று, என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: “ரெண்டு வருசம் இவளை வாய்க்கு வந்தபடி ஏசினனான். நீங்கள் கொஞ்சம் வெளியிலை நில்லுங்கோ, நான் இவளோடை தனியக் கதைக்கவேணும்.”

குறி

இது ஏழெட்டு வருசத்துக்கு முந்தினது. முல்லைத்தீவுப் பக்கமிருந்து தவராசா அண்ணையும் அவருடைய மனைவி புவனம் அக்காவும் ஒரு வண்டில் மாட்டை நசீர் நானாவின் லொறியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். அதைத் தந்து கறவை ஒன்று எடுக்க வேண்டும். நான் காட்டிய மாடுகளை அக்கா பார்த்துக்கொண்டு போனார். அண்ணை, மாடு கட்டுகிற கடைசிக் கட்டைக்குப் பக்கத்தில் நின்றுவிட்டார். அங்கே நின்றது, போன கிழமை விசுவமடுக் குடும்பம் ஒன்று மாத்துக்குத் தந்த கபில நிற மாடு. வயது போனது, பாலும் வற்றப்போகிறது. “அதை ஏன் பாக்கிறியள் அண்ணை, உங்களுக்கு அது சரிவராது” என்று சொல்லிக்கொண்டு கிட்டப் போனேன். அவருடைய கை மாட்டின் தொடையில் இருந்தது. ‘த’ என்ற எழுத்து, அதற்கு மேல் பிறை. பழைய சூட்டுக் குறி, தோலோடு தோலாக மங்கிப்போனது. “இது நான் சுட்டது” என்றார்.

மறு தொடையில் விசுவமடுக்காரரின் குறி இருந்தது, அவர்கள் தந்த பதிவுக் கடிதமும் என்னிடம் இருந்தது. யுத்தத்தின் கடைசி இடப்பெயர்வுக்குப் பிறகு, ஆளில்லாமல் திரிந்த மாடுகளைப் பிடித்து, கிராம சேவையாளரிடம் சொல்லிப் பதிந்து வளர்த்தவர்கள் நிறையப் பேர். அவர்கள் களவெடுக்கவில்லை. ஆனால் தன் குறியைத் தொட்டுக்கொண்டு நிற்கிற மனிதனிடம் கடிதத்தை நீட்டுவது எப்படி? நசீர் நானா மெதுவாக என் பக்கத்தில் வந்து, “அவரைக் கதைக்க விடுங்கோ” என்றார். அவரும் ஒரு காலத்தில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊரைவிட்டுப் போய்த் திரும்பி வந்தவர். அவருக்குத் தெரியும்.

அண்ணை கதைத்தார். பட்டியில் பதினாலு மாடு நின்றதாம். வெளிக்கிட்ட அன்று அயலவர்கள், இரண்டு நாளில் திரும்பிவிடலாம் என்று மாடுகளைக் கட்டியபடி தண்ணீர் வைத்துவிட்டுப் போனார்கள். அண்ணை மட்டும் கத்தியை எடுத்துக்கொண்டு போய்ப் பதினாலு கயிற்றையும் வெட்டிவிட்டார். புவனம் அக்கா அழுது தடுத்தாவாம். கட்டிக் கிடந்தால் திரும்பி வரும்போது நிற்கும், அவிழ்த்து விட்டால் ஒன்றும் மிஞ்சாது என்று. திரும்பி வந்தபோது ஒன்றும் இல்லை. அன்றிலிருந்து அந்த வீட்டில் பால்தேத்தண்ணி ஊற்றுகிற ஒவ்வொரு தரமும் அந்தப் பதினாலு மாடும் கதைக்கு வந்திருக்கிறது. “இது அண்டைக்கு நாகு. முதல் கண்டும் போடேல்லை” என்றார் அண்ணை.

அக்கா கிட்ட வந்தார். ஒரு பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். மாடு திரும்பவில்லை; அசை போட்டுக்கொண்டு நின்றது. எத்தனையோ வருசம். அது வேறு வீட்டு மாடாகிவிட்டது. நான், “கொண்டுபோங்கோ அண்ணை, எனக்கு ஒண்டும் வேண்டாம்” என்றேன். மனதாரத்தான் சொன்னேன். அண்ணை வேண்டாமென்று தலையை ஆட்டினார். இதுவரை தண்ணீர் வைத்தவர்களின் மாடு இது, தங்களுக்கு இப்போது தேவை பால் என்றார். தாங்கள் வந்த காரியத்தை முடித்து, இளம் கறவை ஒன்றைத்தான் எடுத்தார்கள். கபிலையை இறைச்சிக்குக் கொடுக்காமல் பார்க்கச் சொல்லிமட்டும் கேட்டார்கள். சம்மதித்தேன். அது பிறகு எங்கள் கொட்டிலிலேயே நின்று, இன்னும் ஒரு கன்றையும் போட்டது.

லொறி வெளிக்கிடுகிற நேரம் அக்கா மட்டும் இறங்கித் திரும்பி வந்தார். கபிலையின் முகத்தைத் தன் சீலைத் தலைப்பால் துடைத்தார், கன்றுக்குச் செய்கிற மாதிரி. பிறகு லொறியில் இருந்த புருசனைப் பார்த்து, நாங்கள் எல்லோரும் கேட்கவே சொன்னார்: “நீங்கள் அண்டைக்குக் கயிறை வெட்டினது சரிதானப்பா.”

சவாரிக்காரன்

வட்டக்கச்சி கண்ணனுக்கு மாட்டுவண்டிச் சவாரிப் பைத்தியம். மற்ற நாளில் வயலில் நல்ல கமக்காரன், நல்ல தகப்பன். சவாரிக்கு நாள் குறித்தால் வீட்டில் எவரோடும் கதைக்கமாட்டான். தொடர்ந்து மூன்று தரம் தோற்றுப்போய், பிழை முழுக்க இடப்பக்கத்து மாட்டில் என்று முடிவெடுத்து அதை என்னிடம் கொண்டுவந்தான். வேறு நாம்பன் ஒன்றைக் கொடுத்தேன். அவன் தந்த மாட்டை முள்ளியவளைக்காரர் ஒருவர் எடுத்துப் போனார். அடுத்த சவாரியில், கண்ணன் கழித்துவிட்ட அதே மாடு முதலாவதாக ஓடியது. கண்ணன் மூன்றாவது.

அன்று பின்னேரமே படலையில் வந்து நின்றான். தன் மாடு தனக்கு வேண்டுமாம். கதைக்கும்போது கழுத்து நரம்பு புடைத்து நின்றது. இவர் கதிரையைப் பின்னால் தள்ளிக்கொண்டார். முள்ளியவளைக்காரர் எங்கே சம்மதிக்கப்போகிறார் என்று பயந்துபயந்து கேட்டேன். மனிதர் விழுந்துவிழுந்து சிரித்து, மாட்டைத் திருப்பித் தந்து, நான் கண்ணனுக்குக் கொடுத்த நாம்பனை எடுத்துக்கொண்டார். அதற்கு அடுத்த சவாரிக்கு நான் போகவில்லை. வீட்டிலிருந்து நேர்த்தி வைத்தேன், கண்ணன் வெல்லட்டும் என்று. அவனுக்காக இல்லை, எனக்காக. பின்னேரம் நசீர் நானா போனில் சொன்னார்: முள்ளியவளைக்காரர் மறுபடியும் முதலாவது.

அடுத்த நாள் காலமை கண்ணனின் மோட்டார்சைக்கிள் சத்தம் கேட்டதும் நான் குசினிக்குள் போய்விட்டேன். சண்டைக்கு வந்தவன் ஒருவன் செருப்பைக் கழற்றிவிட்டு, மனைவி தந்துவிட்ட மோதகப் பெட்டியை நீட்டிக்கொண்டு நிற்பான் என்று எவர் நினைப்பார்? தலையைச் சொறிந்துகொண்டு சொன்னான்: “மாட்டை ரெண்டு தரம் மாத்தியாச்சாம் அக்கா, இனி ஓட்டுறவனைத்தான் மாத்திப் பாக்கவேணுமாம். மனுசி சொல்லுறாள்.”

என்னைத் திட்டிக்கொண்டு போனவர்களில் அரைவாசிப் பேர் அடுத்த மாட்டையும் என்னிடமே கொண்டுவந்திருக்கிறார்கள் என்பதால், இந்தத் தொழிலை நான் அவ்வளவு பிழையாகச் செய்யவில்லை என்று எண்ணிக்கொண்டு நிம்மதியாக இருக்கிறேன்.